இன்சாஸ் துப்பாக்கியும் திருச்சித் தொழிற்சாலையும்

இன்சாஸ் என்பது இந்தியத் தரைப்படை நீண்ட காலம் பயன்படுத்திய 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கி. இந்தியச் சிறு ஆயுத அமைப்பு என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர். புனேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் இதை வடிவமைத்தது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட படைக்கலத் தொழிற்சாலையும், இஷாப்பூர், கான்பூர் ஆலைகளும் இதைத் தயாரித்தன.

1980களில் நம் படைவீரர் கையில் இருந்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். அதன் தோட்டா ஒன்று சுமார் 24 கிராம் இருக்கும். 5.56 தோட்டா அதில் பாதிதான். ஆகவே அதே சுமையில் இருமடங்கு தோட்டாக்களை எடுத்துச் செல்லலாம். அமெரிக்கா வியட்நாம் போர்க்காலத்திலேயே இந்தச் சிறிய தோட்டாவுக்கு மாறிவிட்டது.

வடிவமைப்பாளர்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க முனையவில்லை. தெரிந்த துப்பாக்கிகளிலிருந்து நல்லவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். வாயு அழுத்தத்தால் இயங்கும் நீண்ட பிஸ்டனும் சுழன்று பூட்டும் போல்ட்டும் ரஷ்யாவின் ஏ.கே. வகையைச் சேர்ந்தவை. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு, எஸ்.எல்.ஆரின் மூலமான பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். வழியில் வந்தது. இடப்புறம் முன்னே அமைந்த இழுப்புப் பிடி ஜெர்மனியின் ஜி-3ஐ நினைவூட்டும். கைப்பிடியும் அடிக்கட்டையும் பிளாஸ்டிக். தோட்டாப் பெட்டியும் பிளாஸ்டிக்தான். மீதித் தோட்டா வெளியே தெரியும்படி ஒளி ஊடுருவுவது, 20 தோட்டா கொள்வது.

இவ்வளவு தேர்ந்தும் துப்பாக்கி நான்கு கிலோவுக்குக் குறையவில்லை. எஸ்.எல்.ஆருடன் ஒப்பிட்டால் மிச்சம் சில நூறு கிராம்தான். எங்கள் நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் அது ஒரு கணக்கே அல்ல. மலையேறும் சிப்பாய்க்கு அது கணக்கு. உண்மையில் எடை குறைந்தது தோட்டாவில்தான், துப்பாக்கியில் அல்ல என்றே சொல்ல வேண்டும்.

தோட்டா உற்பத்தி தாமதமானதால் துப்பாக்கியும் தாமதமானது. இடைக்காலத்துக்கு 1990களின் தொடக்கத்தில் ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்டன. 1998 குடியரசு நாள் அணிவகுப்பில் இன்சாஸ் மக்கள் பார்வைக்கு வந்தது.

மறு ஆண்டே கார்கில் போர். கடுங்குளிரில் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டிகள் விரிசல் விட்டதாகவும், துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டதாகவும் புகார்கள் எழுந்தன. 2005இல் நேபாளப் படையும் குறை சொன்னது. பராமரிப்புச் சரியில்லை என்பது இந்தியத் தரப்பின் பதில். எடை குறைக்கத் தேர்ந்த பொருள் பனிமலையிலும் தாங்குமா என்ற சோதனை போதாமல் போயிற்று என்றுதான் தோன்றுகிறது. பின்னர் தோட்டாப் பெட்டி உள்ளிட்டவை திருத்தப்பட்டன.

திருச்சித் தொழிற்சாலை பிற்பாடு ஏ.கே. முறையிலேயே 7.62×39 தோட்டாவுக்குத் 'திருச்சி தாக்குதல் துப்பாக்கி' என்ற ஒன்றை உருவாக்கியது. 2021 அக்டோபர் முதல் இவ்வாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. தரைப்படையிலோ இன்சாஸின் இடத்தை அமெரிக்க சிக்-716, அமேதியில் தயாராகும் ஏ.கே.-203 ஆகியவை எடுத்துக்கொண்டு வருகின்றன.