தாராவின் இறகு நிறமும் அதன் மரபு வரலாறும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய பெருங்குளங்களையுடைய வன்னிப் பெருநிலத்திற்கு மாரிகாலத்தே ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகிகளும் வடபுலத்திலிருந்து வந்து சேருகின்றன. இவற்றுள் ஒன்றேனும் எமது முற்றத்துத் தாராவின் மூதாதையன்று. அம் மூதாதை, குளிர் நாடுகளில் வாழும் பச்சைத்தலைக் காட்டுத்தாராவாகும். இலங்கையில் அதனைக் காண்டல் மிக அரிது. முகத்திலே செந்தசை படர்ந்த மஸ்கோவித் தாரா தென்னமெரிக்காவுக்குரிய வேறோர் இனம். அது வீட்டுத் தாராவோடு கலந்து ஈனுங் குஞ்சுகள் மலடாகும்.

வெண்மை, கருமை, கபிலம் எனப் பல்வேறு நிறத்தனவாய தாராக்கள் யாவும் ஒரே மூதாதையின் வழிவந்தனவென்பதை எவ்வாறு அறிந்தனர்? 1868ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே சார்ள்ஸ் டார்வின் இதனை ஆராய்ந்தார். காட்டுத்தாராச் சேவலின் நடுவாலிறகுகள் மேனோக்கிச் சுருண்டிருக்கும். வீட்டுத் தாராவின் வகைகள்தோறும் சேவலுக்கு அவ்வடையாளம் உண்டு. ஹியூவிற் என்பார் காட்டு முட்டைகளை அடைவைத்து வளர்த்ததையும் டார்வின் குறிப்பிடுகின்றார். ஐந்தாறு தலைமுறைகளுள் கழுத்தின் வெள்வளையம் அகன்று ஒழுங்கு குலைந்தது. குஞ்சுகளின் சிறகிலே வெள்ளிறகுகள் முளைத்தன. வாழ்க்கை நிலை மாறியதன் விளைவென அக்காலத்தார் இதனைக் கருதினர். சிறு மந்தையுள்ளே உறவுக்கலப்பு நேர, மறைந்து கிடந்த இயல்புகள் வெளிப்பட்டனவெனக் கொள்ளுதலே இன்று பொருத்தமாகத் தோன்றுகின்றது. மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866இலேயே அச்சேறியிருந்தும் 1900 வரை உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. டார்வினுக்கு அத்திறவுகோல் கிட்டாமற் போனது விஞ்ஞான வரலாற்றின் பெருங்குறைகளுள் ஒன்று.

1902இல் பேட்சன் கோழிகளிலே மெண்டல் விதிகளை நிறுவினார். தாராவுக்குரிய தெளிவு 1934இல் ஜாப் என்பவரின் கட்டுரையால் வந்தது. காட்டுத்தாராவின் கோலத்தை ஆளும் பரம்பரையலகுக்கு மூன்று எதிருருக்கள் உண்டென அவர் காட்டினார். ஒன்று சிறகின் முற்பகுதியை வெண்மையாக்கும். மற்றொன்று காட்டுக்கோலத்தை அவ்வாறே காக்கும். மூன்றாவது கழுத்து வளையத்தை நீக்கி உடலை மங்கலாக்கும். முதலாவது ஏனையிரண்டின்மீதும் ஆட்சியுடையது, மூன்றாவது பின்னிடைவானது.

வெண்மையின் கதை இதனினும் வியப்புடையது. 1873இல் சீனத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பீக்கிங் தாரா தூய வெண்மையுடையது. ஆயினும் அவ்வெண்மை ஒரு போர்வையே. அதனடியில் எந்தக் கோலமும் மறைந்திருக்கலாம். நிறமுள்ள தாராவோடு கலப்பின் முதற் சந்ததியில் வெண்மை மறைந்து, ஒளிந்திருந்த கோலம் தோன்றும். அடுத்த சந்ததியிற் காற்பங்கு மீண்டும் வெண்மையாகும். காட்டுத்தாராவையும் பீக்கிங்கையும் கலந்து ஆராய்ந்த சீன அறிஞர், எம்.ஐ.ரி.எவ். எனும் பரம்பரையலகினுள்ளே இடைச்செருகலாகப் புகுந்த ஒரு துண்டமே இவ்வெண்மைக்குக் காரணமென 2018இற் கண்டனர்.

காக்கிக் கம்பெல் தாராவை இங்கிலாந்தின் கிளொஸ்ரர்சயரிலே அடேல் கம்பெல் அம்மையார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கினார். அதற்கு உதவிய 'இந்திய ஓட்டத்தாரா' பெயரளவிலேயே இந்தியாவுக்குரியது. உண்மையில் அது இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தது. காக்கி நிறம் இலிங்கமிணைந்த பின்னிடைவான இயல்பு. ஆகவே காக்கிச் சேவலை வேறு நிறப் பேட்டோடு சேர்ப்பின், பேட்டுக் குஞ்சுகள் காக்கியாகும், சேவற்குஞ்சுகள் காக்கியாகா.

தமிழ்நாட்டில், அறுவடை முடிந்த வயல்களிலே தாராக்களை மேய்த்துச் செல்வோர் தம் மந்தைகளைக் கீரி, சன்னியாசி எனப் பெயரிட்டு வழங்குகின்றனர். ஆய்வுகூடம் எதுவுமின்றி நிறத்தைக்கொண்டு குலத்தைப் பிரித்தறிந்த அறிவு அது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரையிடும் கம்பெல்லை விரும்பும் வளர்ப்போரைக் குறைகூறுதல் தகாது. எனினும் கம்பெற் சேவலொன்று அம்மந்தையுட் புகுமாயின், முதற்றலைமுறைப் பேடுகளிலேயே காக்கி படியும். சேவல்கள் அதனை வெளிக்காட்டாது சுமந்து திரியும். அதன்பின் அப்பறவையின் நிறத்தைப் பார்த்து, அது கீரியோ சன்னியாசியோ என்று மேய்ப்பனாலும் சொல்ல இயலாது.