தொடக்ககாலக் கிறிஸ்தவ வழிபாட்டில் யூத மரபு

கிறிஸ்தவ வழிபாடு கி.பி. முதல் நூற்றாண்டில் யூதர்களுக்குள்ளேயே முளைத்தது. இயேசு யூதர், அவருடைய முதல் சீடர்களும் யூதர்களே. அவர் மறைந்த பிறகும் சீடர்கள் எருசலேம் ஆலயத்துக்குச் செபிக்கப் போய்வந்தனர், வீடுகளில் கூடி அப்பம் பிட்டனர். இறந்தோர் உயிர்த்தெழுவர் என்று பரிசேயர் என்ற யூதப் பிரிவினர் ஏற்கெனவே நம்பினர். மெசியாவை எதிர்பார்த்திருந்தோரும் பலர். அவர் வந்துவிட்டார், சிலுவையில் இறந்து உயிர்த்தார் என்பதே சீடர்கள் புதிதாகச் சொன்னது.

யூதரல்லாதோர் சேரத் தொடங்கியதும் விருத்தசேதனம் பற்றிய சச்சரவு எழுந்தது. ஏறத்தாழ 49இல் எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் அது அவர்களுக்குத் தேவையில்லை என முடிவுசெய்தனர். 70இல் உரோமைப் படை ஆலயத்தை இடித்தது; அங்கு நடந்துவந்த பலிகளும் நின்றுபோயின.

கிறிஸ்தவர்கள் யூதர்களிடமிருந்து எப்படிப் பிரிந்தார்கள் என்பதைக் கிட்டத்தில் காட்டுவது, தொடக்ககாலக் கிறிஸ்தவ வழிகாட்டி நூலான திதாக்கே. 1056இல் படியெடுக்கப்பட்ட அதன் கையெழுத்துப் பிரதியைப் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார். யூதர்கள் திங்களும் வியாழனும் நோன்பிருந்தனர். நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது இந்நூல். நோன்பை விடவில்லை, கிழமையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கிண்ணத்தின் மீதும் அப்பத்தின் மீதும் சொல்ல அது தரும் நன்றிச் செபங்கள் யூதர்களின் உணவு மேசைச் செபங்களை ஒட்டியவை. இயேசுவின் மரணத்தைப் பற்றி அச்செபங்களில் ஒரு சொல்கூட இல்லை என்பது இன்றைய திருப்பலிக்குப் பழகியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய கிறிஸ்தவர் யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார்: திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் நூல்களோ வாசிக்கப்படும், தலைவர் உரையாற்றுவார், எல்லாரும் எழுந்து செபிப்பர், பிறகு அப்பமும் இரசமும். வாசிப்பு, விளக்கம், செபம் மூன்றும் யூதத் தொழுகைக்கூடங்களிலும் வழங்கியவை. அதே நகரில் எபிரேய மறைநூலே வேண்டாம் என்று வாதிட்ட மார்சியோனைச் சபை 144இல் விலக்கியது. பழைய ஏற்பாடு கிறிஸ்தவர்கள் கையில் நிலைத்ததற்கு இந்த முடிவு முக்கியமானது.

யூப்ரட்டீசு கரையிலுள்ள தூரா-யூரோபோசில், மதிலை ஒட்டிய ஒரே தெருவில் கிறிஸ்தவர்களின் வீட்டுக் கோயிலும் யூதத் தொழுகைக்கூடமும் இருந்தன. 256 வாக்கில் பாரசீகரின் முற்றுகைக்கு அஞ்சி உரோமையர் அத்தெருவை மண்ணால் நிரப்பி மதிலைப் பலப்படுத்தினர். நகரம் வீழ்ந்தது, ஓவியங்கள் பிழைத்தன. தொழுகைக்கூடச் சுவரில் சாமுவேல் தாவீதுக்கு எண்ணெய் பூசுகிறார். கிறிஸ்தவர்களின் திருமுழுக்கு அறையில் அதே தாவீது கோலியாத்தை வீழ்த்துகிறார்.

நாள்காட்டியில்தான் பிணக்கு நீடித்தது. சிறிய ஆசியாவின் சபைகள் யூதர்களின் பாஸ்கா நாளான நீசான் 14லேயே தங்கள் பாஸ்காவைக் கொண்டாடின. உரோமை ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டது. 325இல் நீசேயாச் சங்கம் ஞாயிறு வழக்கத்தின் பக்கம் நின்றது.

ஆனால் சங்கத்தின் தீர்ப்பு மக்களின் பழக்கத்தை உடனே மாற்றிவிடவில்லை. 386–387இல் அந்தியோக்கியாவில் குருவாக இருந்த யோவான் கிறிசோஸ்தோம் யூதர்களைக் கடுமையாக, பல இடங்களில் வெறுப்போடு, தாக்கிப் பேசினார். பின்னாளில் யூத வெறுப்புக்குத் துணைபோன உரைகள் இவை. அவற்றுக்குக் காரணம், யூதர்களின் திருவிழாக்களுக்கும் நோன்புகளுக்கும் போய்வந்த அவருடைய சபையாரே. தொழுகைக்கூடத்தில் இடும் சத்தியத்துக்கு வலிமை அதிகம் என்று நம்பி, ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டாயப்படுத்தி அங்கே இழுத்துப்போன ஒருவரைத் தாம் தடுத்து நிறுத்தியதாக அவரே சொல்கிறார். இழுத்துப்போனவரும் கிறிஸ்தவர்தான்.