பெயர் மட்டும் எஞ்சலாமா?

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாட வந்த இளங்கோவடிகள் மாடமாளிகைகளின் சிறப்பைச் சொல்வதோடு அமையவில்லை. தச்சர், கொல்லர், நெய்வோர், பொன்வினைஞர் என அவ்வீதிகளில் தொழில் புரிந்தோரையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டினார். கடைவீதி என்பது கட்டடங்களின் தொகுதியா, தொழில் புரியும் மக்களின் தொகுதியா என்ற வினாவுக்கு அவர் தந்த விடை அவ்வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. பழைய கடைவீதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்ற குரல் எங்கும் எழுகின்ற இந்நாளில், ஜொகூர் பாரு நகரின் பழைய வீதிகளை அவ்விடையைக் கொண்டு ஆராய்வது நம் கடமையாகும்.

1855இல் தஞ்சோங் புத்திரி என்ற பெயருடன் தோன்றிய சிற்றூர், பின்னாளில் சுல்தானான அபு பக்காரின் ஆட்சியில், 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீரும் பயிரிட வந்த சீனர்களால் செகெட் ஆற்றங்கரையில் வணிகம் தழைத்தது. 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றது. 1924இல் சிங்கப்பூரை இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பெற்றது. அன்றிலிருந்து நீரிணையைக் கடப்போர் அனைவரும் இவ்வீதிகளின் வழியே நடந்தனர். சிங்கப்பூரின் புறநகர்போல் வாழ்ந்த இவ்வூரின் கடைவீதியை வளர்த்தது அக்காலடிகளே.

அவ்வளர்ச்சியில் தமிழர்க்கும் பங்குண்டு. தோட்டங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைத்த நம்மவர், ஜாலான் உங்கு புவானில் 1911இல் இராஜமாரியம்மன் ஆலயத்தை எழுப்பினர். அதனைச் சூழ்ந்து பூக்கடையும் மளிகையும் துணிக்கடையும் உணவகமும் அமைந்தன. அருகிலுள்ள ஜாலான் டோபியில் சலவைத் தொழிலாளர் வாழ்ந்தனர். அதனாலேயே அத்தெருவுக்கு அப்பெயர் வாய்த்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. கங்சிக்களின் தலைவர் தான் ஹியோக் நீயின் பெயர் ஒரு தெருவுக்கு உண்டு. அரண்மனை கட்டிய ஒப்பந்தக்காரர் வோங் ஆ பூக்கின் பெயர் மற்றொரு தெருவுக்கு உண்டு. சலவைத் தொழிலாளர்க்கோ தொழிற்பெயர் மட்டுமே கிடைத்தது. அவர்களுள் ஒருவர் பெயரும் தெருவில் இல்லை. செல்வர்க்குப் பெயரும் உழைப்பாளர்க்குத் தொழிலும் என்பது அக்கால வழக்கு. அத்தொழிலும் போய்விட்டால் எஞ்சுவது வெறும் பலகை எழுத்தன்றோ?

இவ்வீதிகள் ஏன் தளர்ந்தன? புறநகர்களில் பேரங்காடிகள் பெருகியது ஒரு காரணம். அதனினும் பெரியது, கூட்டத்தின் தடம் மாறியமை. 2008 டிசம்பரில் குடிநுழைவுச் சோதனை புக்கிட் சாகாரிலுள்ள சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்துக்கு மாறியது. 2010 அக்டோபரில் பழைய இரயில் நிலையம் மூடப்பட்டு, அருகில் எழுந்த ஜேபி சென்ட்ரல் அதன் இடத்தைப் பெற்றது. பயணிகள் மேம்பாலத்தின் வழியே பேரங்காடிக்குள் நேரே நுழையலாயினர். கீழே கடைவாயிலில் நின்ற வணிகர் அவர்களைக் காணவில்லை. 2009இல் மாநில அரசின் தலைமையகமும் புக்கிட் திம்பாலானிலிருந்து கோத்தா இஸ்கந்தருக்குப் பெயர்ந்தது. நண்பகல் உணவுக்கும் மாலைச் சாமானுக்கும் வந்த அலுவலர் கூட்டமும் அத்துடன் குறைந்தது.

பின்னர்ச் சீரமைப்புத் தொடங்கியது. இடையில் மூடப்பட்ட செகெட் ஆறு மீண்டும் திறக்கப்பட்டுத் தூய்மை பெறலாயிற்று. ஜாலான் தான் ஹியோக் நீயில் பழைய கடைவீடுகள் வண்ணம் பூசப்பெற்றுக் காப்பிக்கடைகளாயின. 2009இல் சீன சமூகத்தார் தம் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் கண்டனர். 1919 முதல் இயங்கும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையும், ஜாலான் டோபியில் 1937இல் தோன்றிய சலாஹுதீன் ரொட்டிக்கடையும் இன்று பயணிகள் தேடிவரும் இடங்களாக விளங்குகின்றன. பழந்தொழில் உயிரோடிருந்தால் வீதியும் உயிர்பெறும் என்பதற்கு இவையே சான்று.

ஆனால் மகிழ்ச்சியோடு அச்சமும் எழுகிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனை எண்ணிப் பாருங்கள். 1948 ஜனவரி 31க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. 1997இல் அது நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் வாடகை சந்தை விலைக்கு விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கிருந்த சிறுதொழிலர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகருக்கு உலக மரபுடைமைச் சிறப்பை வழங்கியபோது, சுவர்களின் மதிப்பு உயர்ந்தது. சுவர்களுக்குள் இருந்த மக்களோ முன்னரே குறைந்துவிட்டனர்.

ஜொகூர் பாருவுக்கும் அத்தகைய வேளை நெருங்குகிறது. 2020இல் மலேசியப் பகுதியில் பணி தொடங்கிய விரைவு இரயில் பாதை, புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் 4 கிலோமீட்டரில் இணைப்பது. ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் வகையில் அது வகுக்கப்பட்டது. அதன் நிலையம் பழைய நகருக்கு நடைதூரத்திலேயே இருக்கிறது. கூட்டம் வந்தால் வாணிபம் பெருகும். வாணிபம் பெருகினால் வாடகையும் ஏறும். மலர் தொடுப்போரும் மசாலை அரைப்போரும் அவ்வாடகையைத் தாங்குவரா? 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடத்தையும் கலையையும் போற்ற வழி செய்கிறது. வாடகைக் கணக்கை அது தீர்ப்பதில்லை.

எனவே செய்யத்தக்கவை மூன்று. பழந்தொழில் புரிவோர்க்கு நீண்டகால வாடகை ஒப்பந்தம் கிடைக்க நகர மன்றத்திடம் நம் வணிக அமைப்புகள் கோர வேண்டும். வசதியுள்ள சங்கங்கள் கூட்டாகப் பொருள் திரட்டிக் கடைவீடு ஒன்றையேனும் சொந்தமாக்கி, அதனைச் சிறுதொழிலர்க்கு நியாயமான வாடகைக்கு விட வேண்டும். பெரியோர் நினைவிலுள்ள கடைகளையும் தொழில்களையும் ஆண்டு வாரியாகப் பதிந்து நூலாக்க வேண்டும். முதலிரண்டுக்குப் பொருள் வேண்டும். மூன்றாவதற்கு எழுதுகோலும் பொறுமையும் போதும். அப்பணி எழுத்தாளராகிய நம்முடையது. நினைவு கொண்டோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைத் தொடங்குவோமாக.