பென்டிரைவில் பிழைத்த விளையாட்டுகள்

2021 ஜனவரி 12 அன்று உலகம் முழுவதும் பல்லாயிரம் பிரவுசர் விளையாட்டுகள் ஒரே நாளில் நின்றுபோயின. யாரும் அவற்றை அழிக்கவில்லை. கோப்புகள் அந்தந்த சர்வர்களில் அப்படியேதான் இருந்தன. அவற்றை ஓட்டிக்காட்டிய ஃபிளாஷ் பிளேயருக்குள் அடோபி நிறுவனம் முன்கூட்டியே ஒரு தேதியை வைத்திருந்தது. அந்தத் தேதி வந்ததும் பிளேயர் ‘இனி மாட்டேன்’ என்றுவிட்டது. அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிய சங்கதி இல்லை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் வயல்வெளிகளில் நடுகற்கள் நிற்கின்றன. பலவற்றில் வட்டெழுத்து இன்னும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தை வாசிக்கிற பழக்கம் ஊரை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் இணையப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பாமினியும் டிஸ்கியும் இல்லாத கணினியில் அந்தத் தமிழ் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுத்து இருக்கும், வாசிக்கிற கருவி இருக்காது. ஃபிளாஷுக்கு நடந்ததும் அதுதான்.

ஃபிளாஷின் கதை ஃபியூச்சர்வேவ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்தில் தொடங்குகிறது. ஜொனாதன் கே அங்கே உருவாக்கிய ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் 1996இல் வெளிவந்தது. அதை மேக்ரோமீடியா வாங்கி ஃபிளாஷ் என்று பெயரிட்டது. 2005இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. ஃபிளாஷின் பலம், படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல் ‘இங்கிருந்து இதுவரை இந்த நிறத்தில் கோடு போடு’ என்று கட்டளையாகச் சேமித்தது. அதனால் ஒரு முழு விளையாட்டே சில நூறு கிலோபைட்டில் அடங்கிவிடும். டயல்-அப் காலத்தில் இது பெரிய விஷயம்.

நம் ஊர்களில் இணையம் அப்போது மணிக்கணக்கில் விற்கப்பட்ட சரக்கு. சிஃபி ஐ-வே மாதிரியான பிரவுசிங் சென்டர்களில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார வேண்டும். 2005இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகும் பல வீடுகளில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு இருந்தது. ஸ்டிக் கிரிக்கெட்டில் ஓர் இன்னிங்ஸ் ஆடுவதற்குள் காசு கரைந்தது. அதனால் ஒரு வழக்கம் உருவானது. விளையாட்டை ஒருமுறை பிரவுசரில் திறப்பது, பிறகு ‘டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் போய் எஸ்.டபிள்யூ.எஃப். என்று முடியும் கோப்பைத் தேடி எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொள்வது. விவரம் தெரிந்தவர்கள் விளையாட்டையும் பிளேயரையும் சேர்த்து ஒரே இ.எக்ஸ்.இ. கோப்பாக்கினார்கள். இதற்குப் புரொஜெக்டர் என்று பெயர். இரண்டு தட்டு தட்டினால் போதும், நெட்டே வேண்டாம்.

இந்த வழக்கம் பெரிய அளவில் பரவ 2011 ஒரு காரணம். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் கைக்குக் கணினி வந்தது; வீட்டுக்கு இணையம் வரவில்லை. பேரிகை மாதிரி ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் போனால் கர்நாடகத்தின் மாலூர், இன்னொரு பக்கம் ஓசூரின் ஆலைகள். கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்தே புழங்கும். செல்போன் அடுத்த மாநில டவரைப் பிடித்தால் அன்றைக்கு ரோமிங் காசு. எல்லைக்கு இந்தப் பக்கம் பிளஸ் டூ படிக்கிறவனுக்கு அரசு லேப்டாப் உண்டு, அந்தப் பக்கம் இருக்கிற மாமா பையனுக்குக் கிடையாது. “டேய், அந்த கேமை ஏத்திக் குடுடா” என்பதற்கு மட்டும் எல்லை இல்லை. ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள் ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஆடுகிற விளையாட்டு. அப்படி ஒன்று கிடைத்தால் லேப்டாப் இல்லாதவனும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம்.

வசதியான நாடுகளில் இதே ஆசை வேறு கருவிகளில் நடந்தது. 2006இல் சோனியின் பி.எஸ்.பி.யின் பிரவுசருக்கு ஃபிளாஷ் 6 கிடைத்தது. உடனே ஆட்கள் மெமரி ஸ்டிக்கில் கோப்பைப் போட்டு, பிரவுசரில் அதன் முகவரியைக் கொடுத்து ஓட்டினார்கள். நின்டெண்டோ வீயில் ஓபரா பிரவுசர் வந்தபோது, அதன் ரிமோட்டையே மவுஸாக நீட்டிப் பிடித்து ஆடினார்கள். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கன்சோலில் இருந்த ஃபிளாஷ் பழையது, புது விளையாட்டுகளைப் படிக்காது. கீபோர்டைக் கேட்கிற விளையாட்டைப் பொத்தான்களை வைத்துச் சமாளிக்கவும் முடியாது. முறையாகக் கன்சோலுக்குப் போக வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். 2002இல் ஃபிளாஷில் வந்த ஏலியன் ஹோமினிட் அப்படித்தான் 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கும் கேம்கியூபுக்கும் போனது. அந்தப் பாக்கியம் வெகு சில விளையாட்டுகளுக்கே கிடைத்தது.

2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே செல்போன் ஃபிளாஷை அடோபி கைவிட்டது. 2017 ஜூலையில், 2020 முடிவோடு எல்லாம் நிற்கும் என்று அறிவித்தது. பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்த மென்பொருள் என்பதால் அந்த முடிவில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தலைமுறையின் விளையாட்டுகளை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் சொன்னவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் இரண்டு வழியில் போனார்கள். 2018இல் தொடங்கிய ஃபிளாஷ்பாயின்ட், தேதிப் பூட்டு இல்லாத பழைய பிளேயர்களையே பாதுகாத்து வைத்துக்கொண்டது. அதில் ஓர் அழகான தந்திரம் உண்டு. பல விளையாட்டுகள் ‘நான் என் சொந்தத் தளத்தில்தான் ஓடுகிறேனா?’ என்று சோதித்துப் பார்க்கும், இல்லையென்றால் ஓடாது. ஃபிளாஷ்பாயின்ட் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு சின்ன சர்வரை வைத்து, செத்துப்போன அந்தத் தளத்தின் பெயரில் பதில் சொல்லும். விளையாட்டு நம்பி ஓடும். இன்று அதில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் அனிமேஷன்களும் உள்ளன.

இரண்டாவது வழி ரஃபிள். இது பழைய பிளேயரைத் தொடவே இல்லை. ஃபிளாஷ் கோப்பை வாசிக்கும் புதிய வாசகனை ரஸ்ட் மொழியில் முதலிலிருந்து எழுதியது. வெப்அசெம்ப்ளி ஓடுகிற எந்த பிரவுசரிலும் இது ஓடும், தனிச் செயலியாகவும் கிடைக்கும். லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் போன்ற கைக்கருவிகளில் பழைய ஃபிளாஷ் விளையாட்டை இன்று ஆட முடிவது இப்படித்தான். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் ரஃபிளைக் கொண்டே தன் ஃபிளாஷ் சேகரிப்பைத் திறந்தது. ஆக்ஷன்ஸ்கிரிப்டின் முதல் இரண்டு பதிப்புகளில் எழுதியவை இதில் பெரும்பாலும் சரியாக ஓடும். 2006இல் வந்த மூன்றாவது பதிப்பு அடியோடு வேறு கட்டுமானம் என்பதால் அதற்கு அதிக உழைப்பு தேவைப்பட்டது.

வாசிக்கிற கருவி திரும்பி வந்துவிட்டது. இப்போது எண்ண வேண்டியது கோப்புகளை. இந்தச் சேகரிப்புகளில் இருப்பவை யாரோ ஒருவர் கொண்டுவந்து சேர்த்தவை மட்டுமே. ஆங்கிலத்தில் பிரபலமானவற்றைத் தேடிப் போக ஆள் உண்டு. மும்பை கேம்ஸ்டூவின் வெளியிட்ட ‘பாம்பே டாக்ஸி’ மாதிரி இந்தியத் தெருவில் நடக்கிற விளையாட்டுகளை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. பள்ளிக் கணினி லேபுக்காகவும் பாடச் சிடிக்காகவும் பெயர் தெரியாத ஒருவர் தமிழில் செய்த ஃபிளாஷ் துண்டுகளுக்கு அதுவும் இல்லை. ஒரு தளம் மூடியதும் அவை போய்விடும். எங்காவது ஒரு நகல் எஞ்சியிருக்கும் என்றால், நெட் இல்லாமல் நகல் எடுத்து வைத்தவர்களிடம்தான் இருக்கும்.

அரசு முத்திரை போட்ட அந்த லேப்டாப்கள் இப்போது பரணிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, எஸ்.டபிள்யூ.எஃப். என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பெயர் தெரியாத தமிழ்க் கோப்பு ஏதாவது கிடைத்தால் ரஃபிளில் போட்டுப் பாருங்கள். ஓடினால் ஒரு நகலை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றிவிடுங்கள்.