வலையில் அகப்படாத வண்ணத்துப்பூச்சிகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தே, டாமன்சாரா சாலையில், 1963ஆம் ஆண்டு முதல் தேசிய அரும்பொருளகம் நின்று நிலவுகிறது. முன்பு அவ்விடத்தில் இருந்தது சிலாங்கூர் அரும்பொருளகம். 1945இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அக்கட்டடம் சிதைந்தது. ஆயினும், அங்கு வளர்ந்த ஓர் அறிவுப்பணி சிதையவில்லை.

அவ்வரும்பொருளகத்தில் பணியாற்றியவர் பெண்டில்பரி. ரப்பர் ஆய்வுக் கழகத்தில் வேதியியலாளராக இருந்தவர் கார்பெட். மண்ணை ஆராய்வது தொழிலாயினும், வண்ணத்துப்பூச்சிகளிலேயே அவர் மனம் தோய்ந்தது. இருவரும் இணைந்து, மலாயாத் தீபகற்பத்தின் வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்தி, 1934இல் ஒரு நூலாக்கினர். பின்னர் எலியட் என்பார் திருத்திய அந்நூலின் நான்காம் பதிப்பு 1992இல் வெளிவந்தது.

வகைப்படுத்துதலாவது பெயரிட்டு அடுக்குதல் மட்டுமன்று; உறவு காண்பதுமாகும். பகலில் பறப்பது வண்ணத்துப்பூச்சி, இரவில் பறப்பது அந்துப்பூச்சி என்று பொதுவாகப் பிரித்துரைப்பர். உண்மையிலோ அந்துப்பூச்சிக் குலத்தில் கிளைத்த ஒரு கிளையே வண்ணத்துப்பூச்சி. அது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியதென 2023இல் வெளியான மரபணு ஆய்வொன்று கணித்துள்ளது.

உறவு கண்ட பின்னரும் கார்பெட்டை ஒரு வினா விடவில்லை. அவர் தொகுப்பில் 620 இனங்கள் இருந்தன. அவற்றுள் 118 இனங்கள் ஒரே ஒரு பூச்சியாக அகப்பட்டவை. 74 இனங்கள் இரண்டிரண்டாக அகப்பட்டவை. அப்படியாயின், ஒருமுறைகூட அகப்படாதவை எத்தனை? இவ்வெண்களைப் புள்ளியியல் மேதை ஃபிஷரிடம் அவர் ஒப்படைத்தார். இங்கிலாந்தில் விளக்குப்பொறி வைத்து வில்லியம்ஸ் பிடித்த 15,609 அந்துப்பூச்சிகளின் கணக்கும் உடன் சேர்ந்தது. மலாயாவின் பகற்பூச்சிக்கும் ரோதம்ஸ்டெட் பண்ணையின் இராப்பூச்சிக்கும் ஒரே கணித ஒழுங்கு பொருந்தக் கண்டு, மூவரும் 1943இல் கட்டுரை வெளியிட்டனர்.

ஒருமுறை மட்டும் அகப்பட்டவை மிகுந்திருப்பின், அகப்படாதவையும் மிகுதி என்பதே அதன் உட்பொருள். இதே அளவு மீண்டும் தேடினால் ஏறத்தாழ 75 புதிய இனங்கள் கிட்டும் எனப் பிற்காலப் புள்ளியியலார் கணக்கிட்டனர். 1976இல் எஃப்ரானும் திஸ்டெடும் இவ்வழியைப் பின்பற்றி, ஷேக்ஸ்பியர் அறிந்திருந்தும் எழுதாது விட்ட சொற்களை மதிப்பிட்டனர்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. தோட்டங்கள் பின்னர் குடியிருப்புகளாயின. காட்டைத் திருத்திய கைகளுள் தமிழர் கைகளும் உண்டு. புழு உண்ணும் இலை மறைந்தால், அப்புழுவின் குலமும் அங்கு மறையும். எண்ணப்படுமுன் மறைந்தவற்றுக்கு எந்நூலிலும் பெயரில்லை. ஆதலின், ஒருமுறையே கண்ட ஒன்றையும் அற்பமென ஒதுக்காது குறித்து வைத்தல் வேண்டும். காணாத பலவற்றின் இருப்பை நமக்கு உணர்த்துவது அதுவே.