3500 என்னும் எண்: மன்னார் வளைகுடாவின் இரு கரைகளில் டர்போ கார்

ஜப்பானிய டர்போ காரை வாங்கி, பிரித்து, மாற்றிக் கட்டி, பந்தயத்தில் ஓட்டும் பொழுதுபோக்கு இலங்கையில் வேரூன்றிவிட்டது. வாலிநோக்கத்திலிருந்து சென்னை வரை நீளும் இந்தக் கரையில் அது வேர்பிடிக்கவில்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: கார்ப் பந்தயம் ராஜாக்களும் ஆலை அதிபர்களும் ஆடிய விளையாட்டு, நடுத்தர வர்க்கத்திடம் பணம் இல்லை, ஆகவே டர்போவும் இல்லை. வசதிக்காக இதைப் ‘பணவாதம்’ என்கிறேன். சோழவரம் பந்தயங்கள் பற்றிய நினைவுக் குறிப்புகள், பந்தய வீரர்களைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் வெளிப்படையாகவோ மறைவாகவோ இதுவே ஓடுகிறது. இதை நான் ஏற்கவில்லை.

பணவாதத்திடம் வலுவான சான்றுகள் உண்டு என்பதை மறுக்க முடியாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அது நடத்திய பந்தயங்களில் கோண்டல் மகாராஜாவும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு இறங்கினார்கள். அந்தக் கார்களைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதே அன்றைய ரசிகருக்குப் பெரிய விஷயம். ஆனால் இந்தச் சான்றைச் சற்று நீட்டிப் பார்த்தால் அது தன்னையே முறித்துக்கொள்கிறது. பணம்தான் காரணம் என்றால், பணம் இருந்த இடத்திலாவது ஜப்பானிய டர்போ முளைத்திருக்க வேண்டும். கோவை ஆலை அதிபர் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதனிடம் பணம் இருந்தது, பட்டறை இருந்தது, பொறியியல் அறிவும் இருந்தது. 1988இல் அவர் செய்தது என்ன? மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பூட்டி, ஃபார்முலா மாருதி என்ற வகையை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வைத் தொடங்கியது அதில்தான். ஜப்பானிய எஞ்சின்தான், ஆனால் டர்போ இல்லாதது. உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு செய்தார் என்பதுதான் அதற்கு நேரான விளக்கம். செல்வரே அப்படிச் செய்த இடத்தில் பணத்தைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை.

கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று பார்ப்பதுதான் சரியான வழி. மாருதி 800 இந்தியாவுக்கு 1983 இறுதியில் வந்தது. 1986இல் புதிய உடல் பெற்றது. அதே உடலில் சுசுகி ஜப்பானில் 1987இல் ஆல்டோ வொர்க்ஸ் என்ற காரை விற்றது: 543 சி.சி., டர்போ, 64 குதிரைத்திறன். 796 சி.சி. கொண்ட நம் 800இன் திறன் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். பத்தாண்டு கழித்து இதே கதை மறுபடி நடந்தது. 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூரில் மிட்சுபிஷி லேன்சரைக் கட்டத் தொடங்கியது. அந்த உடலை அடிப்படையாகக் கொண்டதுதான் பந்தய உலகம் கொண்டாடிய லேன்சர் எவல்யூஷன் (எவோ) நான்கு முதல் ஆறு வரை. 2006இல் வந்த சீடியாவின் உடலோ எவல்யூஷன் ஏழு முதல் ஒன்பது வரையிலானவற்றின் உடல். இரண்டு முறையும் உடல் வந்தது, டர்போ வரவில்லை. சோழவரமும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊர் லேன்சர்க்காரர்கள் எவோ பம்பரையும் பின்சிறகையும் வாங்கி மாட்டிக்கொண்டதைச் சிலர் வெறும் பகட்டு என்று கேலி செய்வதுண்டு. எனக்கு அது கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. எந்தப் பாகம் எட்டியதோ அதை அவர்கள் மாட்டினார்கள்.

எதிர்க்கரையில் நடந்தது வேறு. 1977இல் இலங்கை இறக்குமதியைத் திறந்துவிட்டது. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலப்பக்கம். அங்கே கட்டாயச் சோதனைச் செலவுக்கு அஞ்சிச் சில ஆண்டுகளிலேயே கைமாறும் கார்கள் ‘ரீகண்டிஷன்’ என்ற பெயரில் கொழும்பில் இறங்கின. இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்கு 2001இல் வழி திறந்தபோதும் மூன்று ஆண்டுக்கு மேற்பட்டது கூடாது, மும்பைத் துறைமுகம் வழியே மட்டும் என்ற நிபந்தனைகள் வந்தன. தீர்வை நூறு விழுக்காட்டைத் தாண்டியது. ஆக, பணம் ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தின் அளவைத் தீர்மானித்தது சட்டம் என்கிறேன்.

இனி இக்கட்டுரையின் மையச் சான்று. இலங்கைப் பந்தயச் செய்திகளில் ‘எஸ்.எல்.ஜி.டி. 3500 சி.சி.’ என்றொரு பிரிவு வரும். மேலோட்டமாகப் படிப்பவர் மூன்றரை லிட்டர் பெரிய எஞ்சின் கார்கள் ஓடும் பிரிவு என்று எண்ணுவார். பணவாதிக்கு அது இனிப்பான சான்று. ஆனால் அதில் ஓடுபவை பெரும்பாலும் எவோவும் சுபாரு இம்ப்ரெசாவும். எல்லாம் இரண்டு லிட்டர். இந்த முரண் ஒரு பெருக்கலில் தீர்கிறது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது. எனவே உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7ஆல் பெருக்கித்தான் பிரிவு ஒதுக்கியது. எவோவின் 1997 சி.சி.யைப் பெருக்கினால் 3395. சுபாருவின் 1994 சி.சி.யைப் பெருக்கினால் 3390. இரண்டும் 3500க்குள் கச்சிதமாக அடங்கும். எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பதைப் போன்ற ஏற்பாடுதான் இது. ஒரே வேறுபாடு, இங்கே சின்ன மாடு ஒன்று கணக்கில் பெரிய மாடாகிவிடுகிறது.

இந்த எண் உலகெங்கும் எஞ்சின்களின் அளவையே வடிவமைத்தது. நிசான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். காரின் 2568 சி.சி. என்ற வழக்கத்துக்கு மாறான அளவு, 1.7ஆல் பெருக்கினால் 4500க்குள் நிற்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆக, 3500 என்ற எண் ஒரு பிரிவுப் பட்டியலில் இருக்கிறதென்றால், அந்தப் பட்டியலை எழுதியவர் டர்போ காரை மனத்தில் வைத்து எழுதினார் என்றே கொள்கிறேன். மூன்றரை லிட்டர் வி-6 எஞ்சின்களுக்கும் அதில் இடமுண்டே என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் முழு ஆயிரமாக 3000 அல்லது 4000 வைக்காமல் நடுவில் நிறுத்தியதற்கு அது விடை தருவதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். எவோ, இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். இரண்டும் ஜப்பானில் வெளிவந்தது 1992இல். அவை பழையதாகி இலங்கைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். எனவே இப்பிரிவை 1990களின் நடுப்பகுதிக்கு முன்னால் கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. தியத்தலாவையில் இலங்கை ராணுவத்தின் ஃபாக்ஸ் ஹில் பந்தயம் தொடங்கியது 1993இல். அந்தப் பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம்.

இன்னொரு விளக்கம் பெட்ரோலைக் கைகாட்டுகிறது. டர்போ எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் வேண்டும், இல்லையேல் எஞ்சின் தட்டும். இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் நெடுநாள் கிடைத்தது தாழ்ந்த தரம் என்பது அதன் சாரம். இது பணவாதத்தைவிட மேலானது. எனினும் பந்தயக்காரர் தனி எரிபொருள் வாங்கலாம், அழுத்தத்தைக் குறைத்தும் ஓட்டலாம். முதன்மைக் காரணமாக இதை வைக்க முடியாது.

கைத்திறன் இல்லை என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. டி.வி.எஸ். ரேசிங் 1982இல் தொடங்கியது. 1983இல் ராஜ்தூத் 350, 1984இல் ஓசூரின் இண்ட்-சுசுகி, 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக்குகள் வந்ததும், சிலிண்டர் போர்ட்டை அரத்தால் ராவி, சைலன்சரை மாற்றிக் கட்டும் வித்தையை நம் மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டார்கள். ஜப்பானிய எஞ்சினை மாற்றிக் கட்டும் மரபு இங்கே ஃபார்முலா மாருதிக்கு முன்பே இரண்டு சக்கரத்தில் வந்துவிட்டது.

1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரே வகைக் கார்களின் பந்தயத் தொடர் ஒன்று டர்போவைக் கொண்டுவந்தபோது அது ஜெர்மானியக் கார்: 2010இல் டீசல் ஃபோக்ஸ்வேகன் போலோ. தொழிற்சாலையே கட்டித் தந்த கார் அது. ஓட்டுபவர் கைவைக்க அதில் இடமில்லை. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவுடன் கூடி 2018இல் தந்த டியாகோ ஜே.டி.பி. வேறு வகை: 1199 சி.சி., டர்போ, 114 குதிரைத்திறன். அதை 1.7ஆல் பெருக்கிப் பார்த்தேன். 2038 வருகிறது. 2000 என்ற எல்லைக்கு மேல் 38 சி.சி. பந்தயப் பிரிவை மனத்தில் வைத்து எஞ்சினைத் தேர்ந்த எவரும் அந்த 38ஐ விட்டுவைத்திருக்க மாட்டார்கள். தெருவில் ஓட்டுபவருக்காகக் கட்டிய கார் அது. 2020இல் அதன் உற்பத்தி நின்றது.