பேப்பர் பையனின் சைக்கிள்

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சைக்கிள் வியாபாரம் படுத்துவிட்டது. கார் வந்ததும் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். பொருளாதார மந்தம் மிச்சத்தையும் முடித்து வைத்தது. மிஞ்சிய வாடிக்கையாளர்கள் சிறுவர்கள்தான். சிகாகோவில் ஷ்வின் கம்பெனியை நடத்திவந்த ஃபிராங்க் ஷ்வின், அந்தச் சிறுவர்களை நம்பி 1933-இல் ஒரு வண்டியை இறக்கினார். ஜெர்மனியில் புழங்கிய பருத்த டயரை முன்மாதிரியாக வைத்து, 26 அங்குல விட்டமும் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான பருமனும் உள்ள டயரைச் செய்யவைத்து அதில் மாட்டினார். உள்ளே தனியாக ஒரு ட்யூப், அதில் குறைந்த அழுத்தத்தில் காற்று. நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினாலும் தாங்கும். பேப்பர் கட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போகிற பையன் எப்படி ஓட்டினாலும் உடையாத வண்டி அது.

மலையில் ஓடும் என்று யாரும் நினைத்துச் செய்த சைக்கிள் அல்ல. ஆனால் இன்று உலகெங்கும் மாணவர்கள் வழிகாட்டியின் பின்னால் காட்டுப் பாதைகளில் ஓட்டிப் போகிற மவுண்டன் பைக்குக்கு மூதாதை இதுதான். சிறுவர்களுக்காகப் பிறந்த அந்த வண்டி பெரியவர்கள் கைக்குப் போய், அங்கிருந்து மறுபடி பள்ளிப் பிள்ளைகளிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பேப்பர் போட்ட பையன்கள் வளர்ந்து கார் வாங்கினார்கள். மெல்லிய டயரும் பத்து கியரும் உள்ள எடை குறைந்த சைக்கிள்கள் சந்தைக்கு வந்தன. பழைய ஷ்வின்கள் கொட்டகைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் துருப்பிடித்துக் கிடந்தன. கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது மரின் வட்டாரம். 1973-இல் அந்த வட்டாரத்து இளைஞர் ஜோ பிரீஸ் 1941-ஆம் ஆண்டு ஷ்வின் ஒன்றை 5 டாலருக்கு வாங்கினார். தார்ச்சாலைப் பந்தயங்களில் ஓட்டுகிறவர் அவர். மட்கார்டு, ஸ்டாண்டு, அலங்காரத் தகடு எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, 784 மீட்டர் உயரமுள்ள டமல்பையஸ் மலையின் மண்சாலையில் அதை இறக்கி ஓட்டினார். காட்டுத்தீயை அணைக்கப் போகும் வண்டிகளுக்காக வெட்டிய சாலைகள் அவை. சரளையும் புழுதியும் குத்தென்ற இறக்கமுமாக இருக்கும்.

பந்தய சைக்கிள் அங்கே சில நிமிடம் தாங்காது. பேப்பர் பையனின் சைக்கிள் தாங்கியது. இதில் அதிசயம் எதுவும் இல்லை. அதன் முன்கவை (ஃபோர்க்) கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் இறக்கத்தில் கைப்பிடி துள்ளாமல் நேராகப் போகும். பருத்த டயர் கல்லின் மேல் அமுங்கி அதைப் பற்றிக்கொள்ளும். குறை இரண்டே இரண்டு: இருபது கிலோவைத் தாண்டும் எடை, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் மட்டும் பிடிக்கிற ஒற்றைப் பின்சக்கர பிரேக்.

அந்த பிரேக்கிலிருந்துதான் இந்தக் கதையின் புகழ்பெற்ற பெயர் வந்தது. ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு மேலே ஒரு மண்சாலை மூன்று சொச்சம் கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் கீழே இறங்குகிறது. ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பிரேக் பொதிந்த பின்சக்கர ஹப்பின் உள்ளே இருக்கும் கிரீஸ் சூட்டில் உருகிப் புகையாகிவிடும். ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அந்த வேலையை வைத்தே சாலைக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்று பெயர் விழுந்தது. 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி என்பவர் அங்கே முதல் போட்டியை நடத்தினார். ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டியிட்டு இறங்க வேண்டும். அங்கே ஓட்டியவர்களில் ஒருவரான கேரி ஃபிஷரின் 4 நிமிடம் 22 விநாடிதான் அந்தச் சாலையின் சாதனை நேரம்.

போட்டியில் யார் ஜெயித்தார் என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அங்கே கூடிய ஒவ்வொருவருக்கும் தன் வண்டியை முழுவதும் பிரித்துப் பூட்டத் தெரிந்திருந்தது. வளைந்த முன்கவையை நிமிர்த்தினார்கள், மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரைக் கொண்டுவந்து மாட்டினார்கள். 1974 டிசம்பரில் தெற்கே கூப்பர்டினோவிலிருந்து ஒரு குழு, கியர் பூட்டிய பழைய சைக்கிள்களோடு மரினுக்குப் பந்தயத்துக்கு வந்தது. அதன் பிறகு ஃபிஷர் தன் வண்டியிலும் கியர் பூட்டினார். அதுவரை லாரியில் ஏற்றியோ தள்ளியோ மேலே கொண்டுபோன சைக்கிளை மலைமேல் மிதித்தே ஏற்ற முடிந்தது. விலை கொடுத்து வாங்கக் கிடைக்காததால் கையால் செய்தார்கள், செய்ததால் கற்றுக்கொண்டார்கள்.

1977-இல் பிரீஸ் தானே ஒரு சட்டகம் செய்தார். சாதாரண எஃகுக்குப் பதிலாகக் குரோமோலி எஃகுக் குழாய். கோணங்கள் மட்டும் பழைய ஷ்வின் எக்செல்சியர் மாடலினுடையவை. எடை 17 கிலோவாக இறங்கியது. இப்படிப் பத்து வண்டிகள் செய்தார். 1979-இல் டாம் ரிச்சி என்பவர் செய்த சட்டகங்களை வைத்து ஃபிஷரும் கெல்லியும் கடை ஆரம்பித்தார்கள். 1981-இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வண்டியை ஜப்பானில் செய்யவைத்து 750 டாலருக்கு விற்றது. அதன் பின் நடந்தது வியாபார வரலாறு. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் உலகப் போட்டி, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் இடம். முன்கவையிலும் பின்சக்கரத்திலும் அதிர்வுதாங்கி வந்தது, கார்பன் சட்டகம் வந்தது. 5 டாலருக்கு வாங்கிய வண்டியின் வாரிசு இன்று சில லட்ச ரூபாய் விலை சொல்கிறது.

அது மறுபடி பிள்ளைகள் கைக்கு வந்ததும் அதே மரினில்தான். 1988-இல் மரிலின் பிரைஸ் என்ற பெண்மணி ‘ட்ரிப்ஸ் ஃபார் கிட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். வளைகுடா நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த, மலையைத் தூரத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகளை மவுண்டன் பைக்கில் அழைத்துப் போவதே நோக்கம். நன்கொடையாக வந்த பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து விற்றுச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். பட்டறையில் வேலை கற்று உழைக்கிற பிள்ளை சொந்தமாக ஒரு சைக்கிளையே சம்பாதித்துக்கொள்ளலாம். ரீபேக்கில் கிரீஸ் அடைத்த கைகளின் உண்மையான வாரிசுகள் இவர்கள் என்பேன், ஒலிம்பிக் பதக்கக்காரர்கள் அல்ல.

2001-இல் பெர்க்லி உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் மேட் ஃபிரிட்சிங்கர் வடக்குக் கலிபோர்னியாவின் பள்ளிகளைச் சேர்த்து மவுண்டன் பைக் லீக் ஆரம்பித்தார். அது வளர்ந்து 2009-இல் ‘நைக்கா’ என்ற தேசிய அமைப்பாயிற்று. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் இதில் ஓட்டுகிறார்கள். குழுவில் சேர்ந்த யாரையும் ஓரமாக உட்காரவைப்பதில்லை. போட்டியில் ஆசையில்லாத பிள்ளைகளுக்காகத் தனியே சாகசப் பயணங்கள் உண்டு. மண்வெட்டி பிடித்துப் பாதை சீரமைப்பதும் பயிற்சியில் சேர்ந்தது.

வழிகாட்டியோடு போகும் பயணத்தின் முதல் பாடம் மலையில் இல்லை, சமதரையில். புறப்படும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் ஒவ்வொருவரும் தன் கையாலேயே சோதிக்க வேண்டும். பிறகு பெடல்மேல் நிற்கும் பாடம்: இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்காலும் முழங்கையும் மடங்கி, உடம்பு சீட்டை விட்டு எழும்பி, பார்வை சக்கரத்தின் அடியில் அல்லாமல் தூரத்தில். முன்பிரேக்கைப் பார்த்தாலே புதியவர்களுக்குப் பயம். ஆனால் வண்டியை நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு அதனிடம்தான். உடம்பைப் பின்னே தாழ்த்தி ஒரு விரலால் மெதுவாக அழுத்தினால் யாரும் எளிதில் தலைகுப்புற விழுவதில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், ஏற்றத்துக்கு முன்பே கியரை மாற்ற வேண்டும். அறுந்த செயினைக் கோக்கவும், கல் கிழித்த டயருக்குள் மிட்டாய்க் காகிதத்தை மடித்து வைத்து ஊர் போய்ச் சேரவும் தெரிந்துகொண்ட பிள்ளை மலையைக் கண்டு மலைப்பதில்லை.

குழுவுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் இன்னொருவர். பாதை பிரிகிற இடந்தோறும் எல்லோரும் நின்று தலை எண்ண வேண்டும். மெதுவாக வருகிறவர் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்த பிறகே குழு நகர வேண்டும். அவர் வந்ததும் மற்றவர்கள் கிளம்பிவிட்டால் களைத்தவருக்கு மட்டும் ஓய்வே இல்லை. வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்பதை இந்த ஒரு இடத்திலேயே சொல்லிவிடலாம்.

பிரிட்டனில் இளையோருக்காக 1956-இல் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் சைக்கிள் பயணத்துக்கும் இடம் உண்டு. தங்க விருதுக்கு நான்கு பகல், மூன்று இரவு. நான்கு முதல் ஏழு பேர் கொண்ட குழு, கூடாரம், உணவு, வரைபடம் எல்லாம் தங்கள் பொறுப்பு. பெரியவர் தூரத்திலிருந்து கண்காணிக்கலாம், கூடவே போகக் கூடாது. கற்றுக்கொடுத்தவர் பின்வாங்கி நிற்பதையும் பாடத்தின் ஒரு பகுதியாக வைத்ததற்காக இந்தத் திட்டத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஷ்வினில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் 26 அங்குலம் பல பத்தாண்டுகளுக்கு மவுண்டன் பைக்கின் அளவாக நிலைத்தது. 2010-களில் பெரியவர்களின் வண்டிகள் கல்லின்மேல் எளிதாக உருளும் 29 அங்குலத்துக்கும் 27.5-க்கும் மாறிவிட்டன. 1933-இன் அளவு இப்போது அதிகம் வருவது வளரும் பிள்ளைகளுக்கான வண்டிகளில்தான்.

பள்ளியிலோ கல்லூரியிலோ இப்படி ஒரு குழு ஆரம்பிக்க நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: பின்சக்கர அதிர்வுதாங்கியும் கார்பனும் உங்கள் மாணவர்களுக்கு வேண்டாம். நல்ல பிரேக்கும் பருத்த டயரும் உள்ள சாதாரண வண்டி போதும். மிச்சமாகும் பணத்தில் தலைக்கவசமும் ஸ்பேனர்களும் உதிரி ட்யூப்களும் முதலுதவிப் பெட்டியும் வாங்குங்கள். வழியில் பஞ்சரானால் நீங்கள் ஒட்டிக் கொடுக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும் அவர்களே ஒட்டட்டும்.